மொட்டை மாடியைக் கடைசியாக யார் பார்த்தது?

(நம் சங்கத்தின் ஜூலை மாதக் கூட்டத்தில், பொதுப்பணித்துறையில் கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற மந்தைவெளி உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதுமாகத் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் நேரத்தில் மொட்டை மாடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இருபது நிமிஷம் போதும் சார், அதுக்கு மேல போனா யாரும் உட்கார மாட்டாங்க" என்று செயலாளர் சொல்லித்தான் மைக்கைக் கொடுத்தார். பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. உங்கள் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்? வடாம் காய வைக்கப் போனதைச் சொல்லலாம், தப்பில்லை. உண்மையில் வடாம் பிழியும் மாமிகள்தான் நம் கட்டடங்களின் முதல் இன்ஸ்பெக்டர்கள். எந்த மூலையில் ஓடு பெயர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

போன கார்த்திகையில், விடாமல் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த இரவில், எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடி வீட்டில் ஒரு சத்தம். படுக்கையறைக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. பெரிய தாம்பாளத்தின் அளவு இருக்கும். விழுந்த இடம் அந்த வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்கும் மேஜை. அவன் அன்று பத்து மணிக்கே தூங்கப் போய்விட்டான். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். விழுந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் செம்பழுப்பு நிறத்தில் கோடு கோடாகத் துரு. மேலே அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. ஒரு சின்னச் சுத்தியலை வாங்கி, ஸ்டூல் மேல் ஏறிச் சுற்றிலும் தட்டினேன். மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே மாதிரிதான். நல்ல கான்கிரீட் 'டங்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே விட்டுப்போனது 'டொப்' என்று சொல்லும். நாலடிக்கு நாலடி 'டொப்' என்றது.

இப்போது எனக்குச் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கட்டடத்துக்கு நான்தான் செயலாளர். அப்போதும் மேல் வீட்டில் ஓதம் இருந்தது. பழைய தட்டோடு அங்கங்கே விரிசல் விட்டிருந்தது. ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்தார், பெயர் வேண்டாம். "பழசை உடைச்சா குப்பை அள்ளவே பாதிக் காசு போயிடும் சார். அதுக்கு மேலேயே கலவை போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டிடலாம். பளபளன்னு இருக்கும், வெயிலும் இறங்காது" என்றார். முப்பது வருஷம் இதே வேலை பார்த்த மனிதன் நான், எனக்குத் தெரியாமல் இல்லை. பழைய சுருக்கி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், அதைத் திறந்து காய விடாமல் மேலே மூடக் கூடாது என்று தெரியும். ஆனால் பொதுக்குழுவில் எல்லோரும் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், மழைக்காலம் வேறு வந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கையெழுத்து இரண்டு கெடுதல் செய்தது. ஒன்று, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது. இன்னொன்று பாரம். இரண்டு அங்குலக் கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ, டைல்ஸ் தனி. எங்கள் மாடி 4,000 சதுர அடி, அதாவது சுமார் 370 சதுர மீட்டர். நான் என் கையெழுத்தால் அந்தக் கூரைமேல் 37 டன் ஏற்றியிருக்கிறேன். பத்து டன் லாரி நாலை மாடியில் நிரந்தரமாக நிறுத்தியது போல. ஆட்கள் நடமாடும் மாடிக்கு, அதன் சொந்த எடை போக, நம் தரக் குறியீடு கணக்கில் எடுக்கச் சொல்லும் பாரமே சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான். அதில் பெரும்பங்கை நான் டைல்ஸுக்கே கொடுத்துவிட்டேன்.

உங்களில் எத்தனை பேர் கட்டடத்தில் இதே 'மேலேயே ஒட்டிடலாம்' வேலை நடந்திருக்கிறது? கை தூக்க வேண்டாம். வீட்டுக்குப் போய் பழைய மினிட்ஸ் புத்தகத்தைப் பாருங்கள்.

நாம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வாசிகளுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கிரில் கேட் இரண்டு வருஷத்தில் பொரிந்துபோவதைப் பார்த்தவர்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு காந்தி நகர் ஆட்கள் "நமக்குக் கடல் தூரம்" என்று நினைக்கிறோம். மத்தியானம் கடல் காற்று திரும்பினால் ஜன்னலைத் திறந்து வைத்து 'அப்பாடா' என்கிறோம் இல்லையா, அந்தக் காற்றில்தான் உப்பும் வருகிறது. தி.நகர்க்காரர்களுக்கு உப்பு குறைவு, ஆனால் புகையும் கார்பன்-டை-ஆக்சைடும் தாராளம். அதுவும் கம்பிக்கு எதிரிதான்.

ரொம்ப கெமிஸ்ட்ரி வேண்டாம், இரண்டே வரி. நல்ல கான்கிரீட்டுக்குக் கடுமையான காரத் தன்மை உண்டு. அந்தக் காரம் கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய கவசம் மாதிரி நிற்கிறது, அது இருக்கும்வரை துரு பிடிக்காது. வருஷக்கணக்கில் காற்றிலிருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைத் தணிக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு அந்தக் கவசத்தை நேராகவே ஓட்டை போடுகிறது. கவசம் போன பிறகு ஈரமும் காற்றும் பட்டால் கம்பி துருவாகும். துருவுக்குக் கம்பியைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. கூரையில் கம்பி போகும் வரிசையிலேயே நேர்க்கோட்டில் விரிசல் தெரிந்தால், அது சுண்ணாம்பு விரிசல் இல்லை, உள்ளே கம்பி பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் கட்டடங்கள் பெரும்பாலும் 1980-களிலும் 90-களின் ஆரம்பத்திலும் எழுந்தவை. அன்றைக்கு வழக்கம் 'ஒண்ணு, ரெண்டு, நாலு': ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. குறியீட்டு மொழியில் எம் 15. கூரைத் தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடினால் போதும் என்று அன்றைய விதி. அதையும் சென்ட்ரிங் பலகைமேல் கம்பி உட்கார்ந்துவிட்டால் பத்துகூட இருக்காது. 2000-இல் திருத்தி வந்த ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது தெரியுமா? கடலோரச் சூழலில் வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 30, மூடும் கனம் 45 மில்லிமீட்டர். மூன்று மடங்கு! அன்றைக்குக் கட்டியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, அன்றைய விதிப்படிதான் கட்டினார்கள். ஆனால் உப்புக் காற்றுக்கு விதிப் புத்தகம் தெரியாது.

தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இன்றைய வரம்பு. அன்றைக்கு சைட்டில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த மேஸ்திரிகளைத்தான் எனக்குத் தெரியும், லேபுக்கு அனுப்பியவர்களைத் தெரியாது.

ஒரு சின்ன இடைச்செருகல். மாட வீதிகளைச் சுற்றிப் பழைய வீடு வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கூரை கான்கிரீட்டே அல்ல, மெட்ராஸ் டெரஸ். தேக்கு விட்டங்கள், அதன்மேல் சாய்வாகக் குத்துக்கல் வைத்த சின்னச் செங்கல், மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் தட்டியது. அதில் கம்பி இல்லை, அதனால் இந்தத் துரு வியாதி இல்லை. அதன் உயிர் விட்டத்தின் முனையில் இருக்கிறது, சுவருக்குள் போகும் அந்த அரையடியில். அங்கே ஈரமும் கரையானும் சேர்ந்தால் முடிந்தது. தயவுசெய்து அதன்மேல் சிமெண்ட் பூச்சு போட்டு மூடாதீர்கள், சுண்ணாம்புக் கூரை மூச்சு விட வேண்டும். சேப்பாக்கம் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது நினைவிருக்கும். பொதுப்பணித்துறை அதைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு, கடுக்காய், மெட்ராஸ் டெரஸ் என்று பழைய முறைக்கே போனார்கள். இன்றைக்கும் அந்த வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், தேட வேண்டும், அவ்வளவுதான். இடைச்செருகல் முடிந்தது.

இப்போது இன்ஸ்பெக்‌ஷன். 'ஆள் வந்து மாடியைப் பார்த்துட்டுப் போனார்' என்பது இன்ஸ்பெக்‌ஷன் அல்ல. நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முதலில் மாடிக்கே போக மாட்டார். மேல்தள வீடுகளுக்குள் போவார். ஒவ்வொரு அறையின் கூரையையும் அண்ணாந்து பார்த்து, கறை எங்கே, விரிசல் எந்தத் திசையில், எப்போதிலிருந்து, மழையில் மட்டுமா, கோடையிலும் ஈரமா என்று கேட்டு வரைபடத்தில் குறிப்பார். கோடையிலும் ஈரம் இருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை. மேல்நிலைத் தொட்டியின் அடித்தளமோ, பைப்போ, ஏ.சி. தண்ணீரோ. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே லட்சக்கணக்கில் வாட்டர் ப்ரூஃபிங் செய்த கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, தண்ணீர் கூரைக்குள் நடக்கும். ஹாலில் சொட்டினால் ஓட்டை ஹாலுக்கு மேலே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பத்தடி தள்ளிக் கைப்பிடிச் சுவர் மூலையில் இருக்கலாம்.

பிறகு பால்கனி, சன்ஷேட், படிக்கட்டின் அடிப்பாகம். சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வேலை நடக்கும்போது ஆள் மிதித்துக் கீழே இறங்கியிருந்தால் அது வெறும் நம்பிக்கையில் நிற்கிறது. அதன்மேல்தான் நாம் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டை வைக்கிறோம், அதைக் கழற்ற வரும் பையன் அதன்மேல்தான் ஏறி நிற்கிறான்.

அதற்குப் பிறகுதான் மாடி. வாட்டம் சரியாக இருக்கிறதா, தண்ணீர் எங்கே தேங்குகிறது, சுவரும் தளமும் சேரும் இடத்தில் வளைவாகப் பூசியது விட்டிருக்கிறதா, மழைக் குழாய் எத்தனை, எத்தனை அடைத்திருக்கின்றன. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எல்லாக் குழாயையும் அவசரமாகக் கிணற்றுக்குத் திருப்பினோம். நல்ல காரியம். ஆனால் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டியை அதற்குப் பிறகு திறந்தவர் யார்? அது அடைத்தால் தண்ணீர் மாடியிலேயே நிற்கும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 100 கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அரசங்கன்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிச் சுவர் விரிசலில் காக்கை எச்சத்தில் முளைத்து நிற்கும். "அரச மரத்தை வெட்டலாமா, பாவமில்லையா" என்று விட்டுவிடுவோம். வேரோடு எடுத்து ஒரு தொட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டு இலை விடும்போது கையால் வரும். நாலு வருஷம் விட்டால் சுவரோடுதான் வரும்.

கண்ணால் பார்த்து முடிந்த பிறகு கருவிகள். கான்கிரீட்டில் சின்னத் துளை போட்டு ஃபினால்ஃப்தலீன் தெளிப்பார்கள். பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்கள், காரம் இருந்தால் ரோஜா நிறமாக மாறும். மாறாமல் இருக்கும் ஆழம்வரை காரம் போய்விட்டது. அந்த ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி. கம்பி எந்த ஆழத்தில் என்பதைக் கவர் மீட்டர் உடைக்காமலே சொல்லும். 'ஹாஃப் செல்' என்று ஒரு சோதனை, கம்பியின் மின் அழுத்தத்தை அளப்பது. மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அந்த இடத்தில் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. ரீபவுண்ட் ஹாமர் மேற்பரப்பின் கெட்டித்தனத்தைச் சொல்லும். அல்ட்ராசானிக் கருவி உள்ளே இருக்கும் விரிசல், பொந்துகளைச் சொல்லும். கான்கிரீட் தூளை எடுத்து லேபில் குளோரைடு அளவையும் பார்க்கலாம், கடலோரக் கட்டடத்துக்கு இதை விடாமல் கேளுங்கள். எல்லாச் சோதனையும் எல்லாக் கட்டடத்துக்கும் தேவையில்லை. எது வேண்டும் என்று முதல் நாள் பார்த்த இன்ஜினியர் சொல்வார்.

ஒன்று மட்டும் அவசரப்படக் கூடாது. சந்தேகமான கூரையில் தண்ணீர் கட்டி நிறுத்தி 'டெஸ்ட்' பண்ணுகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் இன்ஜினியரைக் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு இரண்டு அங்குலம் நிறுத்திப் பார்ப்பது சரி. இளைத்த கூரையில் முதலிலேயே தொட்டி கட்டுவது, நோயாளியை ஓடவிட்டு இதயத்தைச் சோதிப்பது போல.

இலவச இன்ஸ்பெக்‌ஷன் பற்றி. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் வாட்ஸ்ஆப்பில் ஃபார்வர்டு வரும்: 'ஃப்ரீ டெரஸ் இன்ஸ்பெக்‌ஷன், பத்து வருஷ கியாரண்டி.' வரட்டும், அவர்கள் தொழில் அது. ஆனால் ரசாயனப் பூச்சு விற்பவர் வந்து பார்த்தால் உங்கள் மாடிக்குத் தேவை ரசாயனப் பூச்சு என்றுதான் சொல்வார். பார்க்கிறவர் வேறு, வேலை செய்கிறவர் வேறாக இருக்க வேண்டும். பார்ப்பவருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டும், அப்போதுதான் அவர் உங்கள் ஆள். சி.எம்.டி.ஏ.வில் பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கட்டும். கையெழுத்திட்ட அறிக்கை, போட்டோக்கள், எந்த இடம் என்று குறித்த வரைபடம் கேளுங்கள். 'உடனே', 'இந்த மழைக்கு முன்', 'இரண்டு வருஷத்துக்குள்' என்று பிரித்துக் கேளுங்கள். சிக்கல் பெரிதாகத் தெரிந்தால் ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தரமணியில் இருக்கும் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் எல்லாம் நம் ஊரிலேயே, பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கின்றன.

அறிக்கை வந்த பின் ரிப்பேர். துருவின்மேல் பட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது காய்ச்சலுக்குப் பவுடர் பூசுவது. கம்பியின் பின்பக்கம்வரை கான்கிரீட்டை உடைத்து எடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். உப்பு ஏறிய கூரையில் கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போட்டால், அந்த ஒட்டைச் சுற்றியே அடுத்த துரு வளையம் கிளம்பும். அதனால்தான் முதலில் முழுக் கூரையையும் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஃபால்ஸ் சீலிங் வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேல்தள வீட்டில் அது போட்டால், கூரை உங்களிடம் பேசும் வழியையே அடைத்துவிடுகிறீர்கள். கறை தெரியாது, விரிசல் தெரியாது. ஜிப்சம் பலகை தொங்கும்போதுதான் தெரியும், அப்போது அதன்மேல் எவ்வளவு காரை விழுந்து கிடக்கிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அறைக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டடி திறப்பு வைக்கச் சொல்லுங்கள்.

"இவர் ரொம்ப பயமுறுத்துகிறார்" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னது கேட்டது. பயமுறுத்த வரவில்லை, இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2021-இல் ஆறு மாத இடைவெளியில் இரண்டுமே நடந்தவை, இரண்டுமே கடலோரம்.

ஜூன் 24, அமெரிக்காவில் மயாமி பக்கம் சர்ஃப்சைடு என்ற ஊர். 1981-இல் கட்டிய பன்னிரண்டு மாடி அபார்ட்மென்ட், கடற்கரையை ஒட்டி. நடுராத்திரி ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் முன் பாதிக் கட்டடம் விழுந்தது. 98 பேர் போனார்கள். நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய மூன்று வருஷத்தை. 2018-லேயே ஒரு இன்ஜினியர் அறிக்கை கொடுத்துவிட்டார். நீச்சல் குளத் தளத்துக்கு வாட்டம் கொடுக்காமல் தட்டையாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வடிய வழியில்லை, வாட்டர் ப்ரூஃபிங் போய்விட்டது, கீழே கான்கிரீட் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று. அங்கேயும் நம்மைப் போல ஒரு அசோசியேஷன். அங்கேயும் செலவு பற்றிச் சண்டை, நிர்வாகிகள் ராஜினாமா, மறுபடி கூட்டம். கடைசியில் ஒன்றரைக் கோடி டாலர் வசூலிக்க முடிவெடுத்து, பணம் கட்டும் நேரம் வந்தபோது கட்டடம் காத்திருக்கவில்லை. அந்தத் தளம்தான் முதலில் விழுந்தது. கட்டடத்தின் வடிவமைப்பிலேயும் குறைகள் இருந்தன, எல்லாவற்றையும் அசோசியேஷன் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்தக் கூட்டங்களின் மினிட்ஸ் மட்டும் எனக்கு ரொம்பப் பழக்கமானது போலத் தோன்றியது. அடுத்த வருஷமே ஃப்ளோரிடாவில், மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள அடுக்குமாடிகளுக்கு இத்தனை வயதானால் கட்டாயப் பரிசோதனை என்று சட்டம் வந்தது.

டிசம்பர் 27, நம் திருவொற்றியூர். அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, முப்பது வயதுகூட ஆகாத கட்டடம். 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் காலை வேளையில் அப்படியே சரிந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. முந்தின இரவே விரிசல் விடுவதைக் குடியிருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள், காலையில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி வீடு வீடாகத் தட்டியிருக்கிறார்கள். வீடும் சாமானும் போயின, ஆட்கள் இருந்தார்கள். சர்ஃப்சைடில் கையில் இன்ஜினியர் அறிக்கை இருந்தது. திருவொற்றியூரில் கண்ணும் காதும் மட்டும்தான் இருந்தன.

செலவு யாருடையது என்ற பழைய வழக்குக்கு வருகிறேன். தரைத்தளத்தில் இருப்பவர் "கூரை ஒழுகுவது மூன்றாவது மாடிக்காரர் பிரச்சினை" என்கிறார். மூன்றாவது மாடிக்காரர் "மோட்டாரும் சம்ப்பும் மட்டும் நான் பங்கு தர வேண்டுமா" என்கிறார். கூரை பொதுப் பகுதி, எல்லோருக்கும் பங்கு உண்டு. சட்டத்தை விடுங்கள், கம்பிக்கு மாடி வித்தியாசம் தெரியாது. மேல் கூரை கெட்டால் அதன் ஈரம் தூண் வழியாகக் கீழே இறங்கும். எங்கள் கட்டடத்தில் மேல்வீட்டு அம்மா ஏழு வருஷம் கடிதம் எழுதியிருக்கிறார். அவற்றில் நாலு கடிதம் நான் செயலாளராக இருந்தபோது வந்தவை. 'பரிசீலிக்கப்படும்' என்று என் கையெழுத்திலேயே பதில் இருக்கிறது.

இன்னொரு பயம் உண்டு, அதை யாரும் மைக்கில் சொல்வதில்லை, படிக்கட்டில் சொல்வார்கள். "அறிக்கையில் கட்டடம் மோசம் என்று வந்துவிட்டால் வீட்டு விலை போய்விடும். பில்டர் வாசலில் வந்து நிற்பார். இடிச்சுக் கட்டலாம்னு பெரும்பான்மை சொன்னா நம்மளை எங்க போகச் சொல்வீங்க?" எண்பது வயதில் தனியாக இருப்பவர்களுக்கு இது சாதாரண பயம் இல்லை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒத்துக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அறிக்கை இல்லாமல் இருந்தால் பேச்சு முழுக்க பில்டர் சொல்வதாக இருக்கும். "கட்டடம் இன்னும் ரெண்டு வருஷம்கூட தாங்காது மாமா" என்று அவர் சொல்லும்போது உங்கள் கையில் காகிதம் ஒன்றும் இல்லாவிட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? என் அனுபவத்தில் நாற்பது வயதான கட்டடங்கள் பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவையே. சிலது இல்லைதான். எது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் சிலது பலதாகும்.

எங்கள் கட்டடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அறிக்கை வாங்கினோம். கூரையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கெட்டிருக்கிறது, மீதி தேறும். நான் ஒட்டச் சொன்ன வெள்ளை டைல்ஸும் அதன் கீழே இருந்த பழைய சுருக்கியும் மே மாதம் முழுவதும் உடைத்து அள்ளினார்கள். சுருக்கியைக் கையில் எடுத்தேன், அக்னி நட்சத்திரத்தில் ஈரமாக இருந்தது. இப்போது அடிப்பக்கம் கம்பி வேலை நடக்கிறது. செலவு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு. அந்தப் பையன் ஹாலில் படிக்கிறான்.

கடைசியாக ஏற்பாடு. நம் தெருக்களில் ஏழு கட்டடங்கள் சேர்ந்து ஒரே இன்ஜினியரை அமர்த்தப் பேசியிருக்கிறோம். சேர்ந்து போவதால் ஒவ்வொரு வீட்டின் பங்கு ஒரு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும் போலத் தெரிகிறது. இன்னும் சேர விரும்பும் கட்டடங்கள் இந்த மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். ஆகஸ்டில் பார்வை முடிந்தால் செப்டம்பரில் அவசர வேலையைச் செய்யலாம், ஐப்பசி மழைக்கு முன். முதல் பெருமழை பெய்த மறுநாள் அவர் இன்னொரு முறை வந்து பார்ப்பார், அதுவும் கட்டணத்தில் சேர்ந்தது.

அவர் வரும் நாளில் மேல்தள வீடுகளில் யாராவது இருக்க வேண்டும், பரண் காலியாக இருக்கட்டும். மாடியில் இருக்கும் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, பழைய கொலுப் படி எல்லாவற்றையும் ஒரு பக்கமாக நகர்த்தி வையுங்கள். மாடிக் கதவின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கட்டடத்தில் அதைத் தேடவே இரண்டு நாள் ஆயிற்று.